தானமாக வந்த குடலின் அணுக்கள் என் கணவர் ரத்தத்தில் ஓடுவது ஆபத்தா?

கேள்வி:

என் கணவருக்கு 38 வயது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, சிறுகுடல் அழுகி, ஏறக்குறைய முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றும் உணவில்தான் இருந்தார். ஐந்து மாதம் முன்பு சென்னையில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுகுடலைப் பொருத்தினார்கள். ஆறாவது வாரம், உடம்பு புதுக் குடலை ஏற்காமல் எதிர்க்கும் ரிஜெக்‌ஷன் வந்தது, ஸ்டீராய்டு ஊசியில் சரியானது. போன மாதம் உடம்பில் தடிப்பு வந்தபோது ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களில் 5 சதவீதம் தானம் தந்தவருடையது என்று வந்தது. தடிப்பு மருந்து ஒவ்வாமைதான், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இன்னொருவரின் அணுக்கள் இவரை என்ன செய்யும்? ரிஜெக்‌ஷன் சரியாகிவிட்டது என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடலில் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி எதற்கு? எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார் மாமியார், கொடுக்கலாமா? மூன்று வயது மகள் இருக்கிறாள், அவளால் இவருக்குத் தொற்று வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த 5 சதவீதத்தை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் கணவர் சாப்பிடுகிறார், ஸ்டோமா என்ற வயிற்றுத் திறப்பில் மாட்டிய பையில் வரும் அளவு கூடவில்லை, காய்ச்சல் இல்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், அந்த எண் கெட்ட செய்தி அல்ல. நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன். இதை மருத்துவமனையிலேயே யாராவது உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு 'பயப்படாதீர்கள்' என்று மட்டும் சொன்னால் எந்த மனைவிதான் பயப்படாமல் இருப்பார்?

சிறுநீரகம், இதயம், ஈரல் எதை மாற்றினாலும் தானம் தந்தவரின் எதிர்ப்பு அணுக்கள் கொஞ்சம் கூடவே வரும். சிறுகுடலில் வருவது கொஞ்சமல்ல. நாம் விழுங்கும் சோறு, தண்ணீர், அதோடு சேர்ந்து போகும் கிருமிகள் எல்லாம் தினமும் உரசிக்கொண்டு போகிற இடம் அது. அதனால் உடம்பு தன் நிணநீர் அணுக்களில் பெரும்பகுதியை அங்கேதான் நிறுத்தி வைத்திருக்கிறது. குடலின் உள்தோலில், அதற்கு அடியில், சுவரில் திட்டுத் திட்டாக, குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் என்று எங்கும் அவை இருக்கின்றன. குடலை எடுக்கும்போது இவையெல்லாம் சேர்ந்தே வருகின்றன. உங்கள் கணவருக்குக் கிடைத்தது வெறும் வீடு அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடு.

அறுவை அரங்கில் ரத்தக்குழாய்களை இணைத்துக் கிளிப்பைத் திறந்ததும், வெளிறிக் கிடந்த குடல் சில நிமிடங்களில் ரோஜா நிறத்துக்கு வரும். கொஞ்ச நேரத்தில் தானாக நெளியத் தொடங்கும். அந்த நிமிடமே இரு பக்கப் போக்குவரத்தும் தொடங்கிவிடுகிறது. உங்கள் கணவரின் வெள்ளை அணுக்கள் ரத்தத்தோடு புதுக் குடலுக்குள் போகின்றன. தானம் தந்தவரின் அணுக்கள் குடலை விட்டு இவருடைய ரத்தத்தில் கலந்து மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், எலும்பு மஜ்ஜை வரை போகின்றன. எல்லாருக்கும் நடப்பதுதான் இது. உங்கள் கணவருக்கு யாரோ அளந்து பார்த்தார்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்தது.

ரிஜெக்‌ஷன் எப்படி வருகிறது என்பதும் இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. தானம் தந்தவரின் குடலிலிருந்து புறப்படும் டென்ட்ரைட்டிக் செல் என்ற ஒரு வகை அணு, இவருடைய நிணநீர் முடிச்சுக்குள் போய் நிற்கிறது. அதன் மேல் தானம் தந்தவரின் எச்.எல்.ஏ., அதாவது ஆளுக்கு ஆள் மாறும் அணு அடையாளம், இருக்கும். இவருடைய டி அணுக்களில் ஒரு பங்கு அதைப் பார்த்ததும் அந்நியம் என்று கண்டுகொண்டு பல மடங்காகப் பெருகும். பெருகியவை கண்ட இடத்துக்கும் போவதில்லை. குடலுக்குப் போக வேண்டிய டி அணுவின் மேல் ஆல்ஃபா4 பீட்டா7 என்று ஒரு புரதம் முளைக்கிறது. குடலின் ரத்தக்குழாய்ச் சுவரில் அதற்குப் பொருந்தும் இன்னொரு புரதம் இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, டி அணு அங்கே இறங்கித் திசுவுக்குள் நுழைந்துவிடும். குடல் அழற்சி நோய்க்குத் தரும் வெடோலிசுமாப் என்ற மருந்து இந்த ஒட்டுதலைத்தான் தடுக்கிறது. மாற்றுக் குடலில் அடங்காத ரிஜெக்‌ஷனுக்கும் சில இடங்களில் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் குடலோடு வந்த நிணநீர் முடிச்சுகளும் உள்ளேயே இருக்கின்றன. உங்கள் கணவரின் டி அணுக்கள் வெளியே போகாமல் அங்கேயே அந்நியத்தைச் சந்தித்துவிடலாம். குடல் மாற்றில் ரிஜெக்‌ஷன் மற்ற உறுப்புகளைவிட அதிகம் வருவதற்கும், முதல் சில மாதங்களில் அடிக்கடி வருவதற்கும் இதெல்லாம் சேர்ந்த காரணம். முதல் வருடத்தில் பத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு ஒரு முறையாவது வரும். ஆறாவது வாரம் வந்ததற்கு நீங்கள் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வெளியே வரும் அணுக்களைக் கண்டு மருத்துவர்களும் நெடுநாள் பயந்தார்கள். 1960களில் அமெரிக்காவில் மனிதருக்குச் செய்த முதல் குடல் மாற்றுகள் நிலைக்கவில்லை. 1988ல் ஜெர்மனியின் கீல் நகரிலும் கனடாவின் லண்டன் நகரிலும் நடந்தவைதான் நம்பிக்கை தந்தன. அப்புறம் எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து வந்து நிலைமையையே மாற்றியது. அப்போதும், கூட வரும் அணுக்கள் நோயாளியைத் தாக்கிவிடுமோ என்ற கவலை இருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பொருத்துவதற்கு முன்பு குடலுக்குக் குறைந்த அளவில் கதிர்வீச்சு கொடுத்தும் பார்த்தார்கள். தானம் தருபவருக்கே அணுக்களைக் குறைக்கும் மருந்தைச் செலுத்துவதும் சில இடங்களில் நடந்தது.

பயம் பொய்யல்ல. ஜி.வி.எச்.டி. என்று அதற்குப் பெயர். வந்த அணுக்கள், வந்த இடத்தையே அந்நியமாகப் பார்த்துத் தாக்குவது. குடல் மாற்று செய்தவர்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். ஆனால் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேகன் சைக்ஸ் குழுவினர் குடல் மாற்று செய்தவர்களின் ரத்தத்தையும் பயாப்சித் துண்டுகளையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ரத்தத்தில் தானம் தந்தவரின் டி அணுக்கள் 4 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியவர்களுக்கு ரிஜெக்‌ஷன் குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜி.வி.எச்.டி. இல்லாமலே நன்றாக இருந்தார்கள். ஈரல், வயிறு, குடல் என்று சேர்த்து மாற்றியவர்களிடம்தான் இந்த அளவு அதிகம் காணப்பட்டது. உங்கள் கணவருக்கோ சிறுகுடல் மட்டும். எனவே 5 சதவீதத்தை வைத்து 'இனி ரிஜெக்‌ஷனே வராது' என்று நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியே போகும் அணுக்கள் எப்படி உதவுகின்றன? தானம் தந்தவரின் டி அணுக்கள், குடலைத் தாக்க வரும் இவருடைய அணுக்களை எதிர்கொண்டு கொஞ்சம் அடக்குகின்றன. எலும்பு மஜ்ஜையிலும் இவருடைய ரத்த அணுக்களில் சிலவற்றை விலக்கி இடம் ஏற்படுத்துகின்றன. குடலோடு தானம் தந்தவரின் ரத்த ஸ்டெம் செல்களும் வருகின்றன என்பதையும் அதே குழு காட்டியிருக்கிறது. அந்த இடத்தில் அவை தங்கிப் புது அணுக்களை உண்டாக்குகின்றன. தோலையும் ஈரலையும் தொடாமல் இந்த அளவோடு நின்றுவிட்டால் அது நோயே அல்ல. அளவு மீறினால்தான் ஜி.வி.எச்.டி.

மீறுகிறதா என்று வீட்டிலேயே கவனிக்கலாம். உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல், முகம் இங்கெல்லாம் சிவப்பாகத் தடிப்பு வருகிறதா, வாயில் ஆறாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுவும் தட்டணுவும் சேர்ந்து இறங்கினால் அதுவும் அறிகுறி. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். போன மாதத் தடிப்புக்கு அந்தப் பரிசோதனையை எடுத்ததும் இதற்காகத்தான். சரியான முடிவு.

இனி பயாப்சி. நீங்கள் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டும்.

சிறுநீரகம் மாற்றியவருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிடும். குடலுக்கு அப்படி நம்பகமான ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. சிட்ருலின் என்ற பொருளைச் சிறுகுடலின் அணுக்கள்தான் அதிகம் தயாரிக்கின்றன. குடலின் உள்தோல் அழிந்தால் ரத்தத்தில் அது குறையும். ஆனால் எதனால் அழிந்தது என்று அது சொல்லாது. அதனால் திசுவை நேரில் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வயிற்றில் ஸ்டோமா வைத்திருப்பதே உள்ளே போய்ப் பார்க்க ஒரு வாசல் வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தச் சின்னத் துண்டில் நோயியல் மருத்துவர் என்ன தேடுகிறார் தெரியுமா? குடலின் உள்தோலில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளை எல்லாரும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்போம். அவற்றின் அடிவாரத்தில் குழிகள் இருக்கின்றன. உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவது இந்தக் குழிகளின் அடியிலிருந்துதான். ரிஜெக்‌ஷனில் டி அணுக்கள் குறிவைப்பதும் இதே குழிகளைத்தான். குழியின் அணு ஒன்று சாகும்போது அது சுருங்கி, உள்ளே கரு உடைந்து, கருநீலப் புள்ளிகளாக, சுற்றிலும் ஒரு வெள்ளை வளையத்தோடு தெரியும். பத்துக் குழிகளில் இப்படி எத்தனை என்று எண்ணுவார்கள். ஒன்றிரண்டு இயல்பு. ஆறோ அதற்கு மேலோ இருந்து, அழற்சியும் குழிகளில் சேதமும் சேர்ந்திருந்தால் லேசான ரிஜெக்‌ஷன் என்று கணக்கு. குழிகளே காணாமல் போனால் நிலைமை கடுமை. அடி அழிந்த இடத்தில் புதுத் தோல் எங்கிருந்து முளைக்கும்? அதனால்தான் புள்ளிகளாக இருக்கும்போதே பிடிக்கப் பார்க்கிறார்கள். சில நேரம் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதற்கு முன்பே பயாப்சியில் தெரிந்துவிடும்.

'அதுதான் சரியாகிவிட்டதே' என்கிறீர்கள். சரியானது அழற்சிதான். தாக்க வந்த அணுக்கள் எல்லாம் திரும்பிப் போய்விடவில்லை. ரிஜெக்‌ஷன் வராதவர்களின் புதுக் குடலில் தானம் தந்தவரின் டி அணுக்கள் மெதுவாகத்தான் குறைகின்றன, பல வருடம் கழித்தும் மிச்சம் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே ரிஜெக்‌ஷன் வந்தவர்களுக்கு அவை சீக்கிரமாக அகற்றப்பட்டு, அந்த இடங்களில் இவர்களுடைய சொந்த டி அணுக்கள் குடியேறிவிடுகின்றன. கொலம்பியா குழு கண்டதில் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான்: தானம் தந்தவரை அந்நியமாகக் கண்டு பெருகிய அதே அணுக்களின் வழிவந்தவை, ரிஜெக்‌ஷன் அடங்கி நெடுநாள் ஆன பிறகும் குடலுக்குள்ளேயே தங்கியிருக்கின்றன. மருந்து போதுமான அளவில் இருக்கும்வரை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அளவு இறங்கினாலோ, ஒரு தொற்று வந்து உசுப்பினாலோ மறுபடி கிளம்பலாம். உங்கள் கணவர் அந்த இரண்டாவது வகையில் இருக்கிறார். எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு பயாப்சி என்பது மிகை இல்லை. போகப் போக இடைவெளி கூடும். ஸ்டோமாவை மூடும் நாளும் வரும். அதை அவசரப்படுத்தாதீர்கள்.

பயாப்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பையில் தண்ணீராகக் கூடுதலாக வந்தால் அது ரிஜெக்‌ஷனாக இருக்கலாம், சி.எம்.வி., நோரோ, அடினோ போன்ற வைரஸாகவும் இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். ரிஜெக்‌ஷன் என்றால் எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும், வைரஸ் என்றால் முடிந்தவரை தளர்த்த வேண்டும். தவறாக யூகித்து ஸ்டீராய்டு கொடுத்தால் வைரஸ் கொழுக்கும். யூகத்துக்கு இங்கே இடமே கிடையாது.

இதை ஒட்டி மாத்திரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், பலர் தடுமாறும் இடம் இது. வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் உடம்பில் சேராமல் போய்விடும் என்று நினைத்துச் சிலர் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். அந்த மருந்தில் ஒரு பங்கைக் குடலின் உள்தோலே சிதைத்துவிடும். தோல் சேதமானால் சிதைப்பது குறைந்து ரத்தத்தில் அளவு ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அதற்காக நீங்களே குறைத்தாலோ, போக்குக்குக் காரணம் ரிஜெக்‌ஷனாக இருந்தால் எரிகிறதில் எண்ணெய் ஊற்றியது போலாகிவிடும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அன்றைக்கே ரத்தத்தில் அளவு பாருங்கள். காலை மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. லேப் தம்பி தாமதமாக வந்தாலும், ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை.

ஒரு நோட்டில் தினமும் பையில் வந்த அளவை மில்லி கணக்கில் எழுதிவையுங்கள், பக்கத்தில் எடையும் காய்ச்சலும். ஸ்டோமாவின் நிறத்தையும் பாருங்கள். வாயின் உட்புறம் போல ஈரமாகச் சிவந்திருந்தால் நல்லது. கறுத்தாலோ, வெளிறினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே கிளம்புங்கள். கூட்டத்தில் மருத்துவர் உங்களிடம் நேரம் கொடுத்துப் பேசாவிட்டாலும், அந்த நோட்டைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

கஷாயம் வேண்டவே வேண்டாம். மாமியாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இந்த வீட்டில் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது' என்பது ரிஜெக்‌ஷனைக் கூப்பிடுவது. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்களுக்கு, எதிர்ப்பு சக்தி தன் ஈரலையே தாக்கும் வகையில் ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். மாற்று உறுப்பு இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. 'அவருடைய எதிர்ப்பு சக்தி கூடினால் புதுக் குடலைத் தாக்கும், அத்தை' என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார். நிலவேம்பு, கபசுரக் குடிநீர், இம்யூனிட்டி பவுடர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பம்ப்ளிமாஸ் பழமும் கூடாது, டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். மெடிக்கலில் தானாக வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது. பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல், சில ஆன்டிபயாடிக்குகள் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தடாலடியாக இறக்கும். வேறு எந்த மருத்துவர் எது எழுதிக் கொடுத்தாலும், முதல் மாத்திரை போடும் முன் மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் கேளுங்கள்.

மகளைப் பற்றி. அவளை அப்பாவிடமிருந்து பிரித்து வைக்க வேண்டியதில்லை. சளியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாட்களில் மட்டும் தள்ளிப் படுக்கட்டும், இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நோரோ வைரஸுக்குச் சானிடைசர் போதாது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். போலியோ சொட்டு மருந்து உயிருள்ள வைரஸால் ஆனது. குழந்தையின் மலத்தில் அது சில வாரங்கள் வெளியேறும், எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கும் அப்பாவுக்கு அது நல்லதல்ல. முகாம் நாளில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் அப்பாவுக்கு உறுப்பு மாற்று நடந்திருப்பதைச் சொல்லிவிட்டு, குழந்தை மருத்துவரிடம் போலியோ ஊசியாகப் போடக் கேளுங்கள். அவளுக்குப் போட வேண்டிய மற்ற தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள். தட்டம்மை ஊசி அவளுக்குப் போடலாம், அதனால் அப்பாவுக்கு ஆபத்தில்லை. ஆனால் உயிருள்ள தடுப்பூசி எதுவும் உங்கள் கணவருக்குப் போடக் கூடாது. ஃபுளூ ஊசி வருடத்துக்கு ஒரு முறை வீட்டில் எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு எப்போது என்று மட்டும் அடுத்த பயாப்சி நாளில் கேட்டு வாருங்கள்.